ஈஸ்ரோஜனின் நூறு ஆண்டுகள்

எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், மருத்துவ வரலாறு சார்ந்ததாக இருந்தால் நல்லது என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, எனக்கு முதலில் நினைவு வந்தது எங்கள் வகுப்புத் தோழியரின் வட்ஸ்அப் குழுதான். சில ஆண்டுகளுக்கு முன்வரை அங்கே பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறுகளே பேச்சு. இப்போது யாழ்ப்பாணம், கொழும்பு, லண்டன், ரொறன்ரோ, சிட்னி என்று எங்கே இருப்பவளும் இரவு இரண்டு மணிக்கு வியர்த்து விழித்துக்கொண்டதைப் பற்றி எழுதுகிறாள். மூட்டு நோ, மறதி, காரணமில்லாத கோபம். யாராவது ஒருத்தி ஓமோன் குளிசை எடுக்கலாமா என்று கேட்டால், ஐந்து நிமிடத்துக்குள் இன்னொருத்தியின் பதில் வந்துவிடும்: "ஐயோ, அது கான்சர் வரப்பண்ணுமெல்லே!"

அந்த ஒரு வரிக்குப் பிறந்த திகதி உண்டு: 2002 ஜூலை 9. ஆனால் அதை விளங்கிக்கொள்ள எமது சங்கம் பிறந்த பத்தாண்டுக்குப் போகவேண்டும். அந்த ஓமோனும் எமது சங்கமும் ஏறத்தாழ ஒரே வயதினர்.

1923ஆம் ஆண்டு அமெரிக்காவின் சென். லூயிஸ் நகரில் எட்கர் அலன் என்ற உடற்கூற்றியலாளரும் எட்வேர்ட் டொய்சி என்ற உயிர் இரசாயனவியலாளரும் பன்றிச் சூலகங்களிலிருந்து எடுத்த நீரை, சூலகம் அகற்றப்பட்ட எலிகளுக்கு ஊசியாக ஏற்றினார்கள். நின்றுபோயிருந்த பாலியல் சக்கரத்தின் அடையாளங்கள் அந்த எலிகளில் திரும்ப வந்தன. சூலகம் வெறும் முட்டைப் பை அல்ல, அது குருதியில் ஏதோ ஒன்றைச் சுரக்கிறது என்பதற்கு அது வலுவான சான்று. 1929இல் டொய்சி அந்தப் பொருளைக் கர்ப்பிணிகளின் சிறுநீரிலிருந்து பளிங்காகப் பிரித்தெடுத்தார். அதே ஆண்டு ஜேர்மனியில் அடோல்ஃப் பூட்டனான்டும் தனியாக அதையே செய்தார். உயர்தர உயிரியலில் நாம் ஒரு பக்கத்தில் மனனம் செய்த ஈஸ்ரோஜன் அதுதான். அந்த அத்தியாயம் வந்தபோது எங்கள் ரீச்சர், "இதை வீட்டில வாசியுங்கோ, விளங்கும்" என்று சொல்லி அடுத்த அத்தியாயத்துக்குப் போனது என் வகுப்பினருக்கு மறந்திராது. விளங்கவில்லை, ரீச்சர்.

விளங்காததற்கு ரீச்சரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. மானிப்பாயில் கிறீன் வைத்தியர் 1850களிலேயே பிரசவ வைத்தியத்தைத் தமிழில் அச்சேற்றிவிட்டார். பிள்ளை பெறுவதற்கு எங்களிடம் நூலும் சொல்லும் இருந்தன. பிள்ளை பெறும் காலம் முடிவதற்கோ எங்கள் வீடுகளில் சொல்லே கிடையாது. மாதம் தவறாமல் வருவதற்குப் பெயர் 'சுகவீனம்'. அது முடிந்துவிட்டால், "நிண்டு போச்சு". அவ்வளவுதான். பிரெஞ்சு வைத்தியர் கார்டான் 1821இல் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதி 'மெனோபோஸ்' என்ற சொல்லை நிலைநிறுத்தினார். அதையும் நாங்கள் ஆங்கிலத்திலேயே வைத்துக்கொண்டோம், அதுவும் மெதுவான குரலில்.

1942இல் கர்ப்பமான பெண் குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ரோஜன் குளிசையாக அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. உடல் வெக்கை, வியர்வை, தூக்கமின்மை ஆகியவற்றுக்கு அது நன்றாகவே வேலை செய்தது. இன்றும் இவற்றுக்கு அதைவிடப் பயனுள்ள மருந்து இல்லை. அதோடு நின்றிருந்தால் நல்லது. 1966இல் றொபேட் வில்சன் என்ற நியூயோர்க் பெண்நோயியல் வைத்தியர், பெண் என்றென்றும் பெண்ணாகவே இருக்கலாம் என்று வாக்களிக்கும் தலைப்பில் ஒரு புத்தகம் எழுதினார். மாதவிடாய் நின்ற பெண் ஒரு குறைபாட்டு நோயாளி, குளிசை எடுக்காவிட்டால் அவள் வாடிப்போன உருவம் என்பது அவருடைய வாதம். புத்தகம் அமோகமாக விற்றது. அதை எழுதும் செலவை மருந்து நிறுவனமே கொடுத்தது என்று பல ஆண்டுகளுக்குப் பின் அவருடைய மகனே பத்திரிகைக்குச் சொன்னார்.

1975இல் முதல் அடி விழுந்தது. ஈஸ்ரோஜனைத் தனியே எடுத்த பெண்களுக்குக் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் பல மடங்கு கூடுதலாக வருகிறது என்று இரு ஆய்வுகள் ஒரே இதழில் வெளிவந்தன. தீர்வு விரைவில் கிடைத்தது. கருப்பை உள்ளவர்களுக்கு ஈஸ்ரோஜனோடு புரொஜெஸ்ரோஜன் என்ற இரண்டாவது ஓமோனையும் சேர்த்துக் கொடுத்தால் உட்சுவர் பாதுகாக்கப்படும். கருப்பை அகற்றப்பட்டவர்களுக்கு ஈஸ்ரோஜன் மட்டுமே போதும். இந்த வித்தியாசத்தை வாசகியர் நினைவில் வைத்திருக்க வேண்டும். நான் ஒரு காலத்தில் வைத்திருக்கவில்லை.

பிறகு இதயத்தின் கதை. அமெரிக்காவில் 1976இல் தொடங்கி 121,700 தாதியரைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், ஓமோன் எடுத்தவர்களுக்கு மாரடைப்புக் குறைவு என்று தெரிந்தது. வைத்தியர்கள் வெக்கை இல்லாத பெண்களுக்கும், அறுபது எழுபது வயதினருக்கும், இதயத்தைக் காக்கவென்று குளிசை எழுதத் தொடங்கினார்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. எங்கள் ஊரில் ரியூசனுக்குப் போன பிள்ளைகள் கூடிய புள்ளி எடுத்தார்கள். அது ரியூசனாலா, அல்லது ரியூசனுக்கு அனுப்ப வசதியும் அக்கறையும் உள்ள வீட்டில் பிறந்ததாலா? ஓமோன் எடுத்த பெண்களும் பொதுவாக வசதியானவர்கள், படித்தவர்கள், உடல்நலத்தைக் கவனித்தவர்கள். குளிசை இல்லாமலே அவர்களுக்கு மாரடைப்புக் குறைவாக இருந்திருக்கலாம்.

இதைத் தீர்க்க ஒரே வழி, சீட்டுக் குலுக்குவதுபோல் பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு மருந்தும் மற்றப் பகுதிக்கு அதேபோலத் தோன்றும் வெற்றுக் குளிசையும் கொடுத்துப் பார்ப்பது. ஆனால் அக்காலத்தில் பெரிய ஆய்வுகள் ஆண்களை வைத்தே நடந்தன. அஸ்பிரின் மாரடைப்பைத் தடுக்குமா என்று பார்த்த புகழ்பெற்ற அமெரிக்க ஆய்வில் பங்குபற்றிய 22,071 பேரும் ஆண் வைத்தியர்கள். ஒரு பெண்கூட இல்லை. இது பெரும் கண்டனத்துக்கு உள்ளான காலத்தில், அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் முதற் பெண் பணிப்பாளராகப் பொறுப்பேற்ற பேர்னடீன் ஹீலி 1991இல் 'பெண்கள் சுகாதார முன்முயற்சி' என்ற மாபெரும் ஆய்வை அறிவித்தார். 50 முதல் 79 வயது வரையான 161,808 பெண்கள் அதன் பல்வேறு பகுதிகளில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களுள் கருப்பை உள்ள 16,608 பேருக்கு இரட்டை ஓமோன் அல்லது வெற்றுக் குளிசை. கருப்பை அகற்றப்பட்ட 10,739 பேருக்கு ஈஸ்ரோஜன் மட்டும் அல்லது வெற்றுக் குளிசை.

2002 ஜூலை 9 அன்று இரட்டை ஓமோன் பகுதி இடையில் நிறுத்தப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் அதிகம், மாரடைப்பு 29 சதவீதம் அதிகம், பாரிசவாதம் 41 சதவீதம் அதிகம். உலகெங்கும் முதற்பக்கச் செய்தி.

அந்த ஆண்டு எங்கள் ஊருக்கு வேறொரு விதத்திலும் முக்கியமானது. யுத்தநிறுத்தம் வந்து, ஏ9 பாதை திறந்து, பல ஆண்டுகளாக வரமுடியாமல் இருந்தவர்கள் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து குவிந்தார்கள். லண்டனிலிருந்து என் சின்னம்மாவும் வந்தார். எமது கல்லூரியின் பழைய மாணவிதான். அப்போது அவருக்கு 41 வயது. மூன்று ஆண்டுகளுக்கு முன், 38 வயதில், சத்திரசிகிச்சையில் அவருடைய கருப்பையும் இரண்டு சூலகங்களும் அகற்றப்பட்டிருந்தன. அதன்பின் தினம் ஒரு ஈஸ்ரோஜன் குளிசை. கைப்பையிலிருந்து மடித்த பத்திரிகைத் துண்டு ஒன்றை எடுத்து நீட்டினார். "பிள்ளை, நீ டொக்டருக்குப் படிக்கிறாய். இதை வாசிச்சுப்போட்டுச் சொல்லு. விடட்டோ?"

நான் அப்போது மருத்துவபீடத்தில் சின்ன வகுப்பு. தலைப்பை வாசித்தேன். 26 சதவீதம் என்ற இடத்தையும் வாசித்தேன். "விடுங்கோ சின்னம்மா" என்றேன். லண்டன் திரும்பியதும் அவர் தன் வைத்தியரிடமும் கேட்டார். அவரும் விடச் சொன்னார். அவர் சொன்னதை விட, நான் சொன்னதுதான் என்னை இத்தனை காலமும் உறுத்துகிறது. ஏனென்றால் சின்னம்மா முதலில் கேட்டது என்னிடம்.

இனி அந்த எண்களைப் பார்ப்போம். வெற்றுக் குளிசை எடுத்த 10,000 பெண்களில் ஓராண்டில் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. இரட்டை ஓமோன் எடுத்த 10,000 பேரில் 38 பேருக்கு. கூடியது எட்டுப் பேர். அந்த எட்டுப் பேரும் யாரோ ஒருவரின் தாய், அதைச் சிறிதாக்க நான் வரவில்லை. ஆனால் '26 சதவீதம்' என்று கேட்ட பெண்களில் எத்தனையோ பேர் நூற்றுக்கு இருபத்தாறு பேருக்குப் புற்றுநோய் என்றே விளங்கிக்கொண்டார்கள். இன்றும் என் அறைக்கு வருபவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். அதே குளிசையால் இடுப்பெலும்பு முறிவு 15இலிருந்து 10 ஆகவும், பெருங்குடற் புற்றுநோய் 16இலிருந்து 10 ஆகவும் குறைந்தன. அது தலைப்புச் செய்தி ஆகவில்லை.

எண்ணைவிடப் பெரிய விடயம் வயது. ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63. ஐம்பதுகளில் இருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கினரே. அந்த ஆய்வு கேட்ட கேள்வி, வயதான பெண்களுக்கு எதிர்கால நோய்களைத் தடுக்க ஓமோன் கொடுக்கலாமா என்பது. அந்தக் கேள்விக்கு அது நேர்மையான, மிக அவசியமான விடை சொன்னது: வேண்டாம். அந்த விடையால் காப்பாற்றப்பட்டவர்கள் ஏராளம். நான் அந்த ஆய்வைக் குறைசொல்பவர்கள் பக்கம் இல்லை. பிழை அதை வாசித்த விதத்தில். 63 வயதுப் பெண்ணுக்குச் சொன்ன விடையை 48 வயதில் வெக்கையால் தவிப்பவளுக்கும் சொன்னோம். சூலகம் இல்லாத 41 வயதுப் பெண்ணுக்கும் சொன்னோம். ஐம்பதுக்குக் கீழே ஒருவர்கூட அந்த ஆய்வில் இருக்கவில்லை.

சின்னம்மா விடயத்தில் இன்னொன்றும் உண்டு. நிறுத்தப்பட்டது இரட்டை ஓமோன் பகுதி. அவர் எடுத்தது ஈஸ்ரோஜன் மட்டும். அந்தப் பகுதி 2002இல் நிறுத்தப்படவே இல்லை, 2004 வரை நடந்தது. முடிவில் பாரிசவாதம் சற்றுக் கூடியிருந்தது. மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. நீண்டகாலப் பின்தொடர்வில், 2020இல் வெளியான முடிவில், ஈஸ்ரோஜன் மட்டும் எடுத்தவர்களுக்கு அது குறைவாகவே இருந்தது.

2007இல் அதே ஆய்வாளர்கள் வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, மாதவிடாய் நின்று பத்து ஆண்டுகளுக்குள் தொடங்கியவர்களுக்கு மாரடைப்பு ஆபத்துக் கூடியதாகத் தெரியவில்லை. பதினெட்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2017இல் வெளியிட்டபோது, ஓமோன் எடுத்தவர்களும் எடுக்காதவர்களும் இறந்த விகிதத்தில் வித்தியாசம் இருக்கவில்லை. பிரித்தானியாவில் 2015இல் வந்த தேசிய வழிகாட்டல், நாற்பது வயதுக்கு முன் சூலகத்தின் தொழிற்பாட்டை இழந்தவர்கள், மாதவிடாய் இயல்பாக நிற்கும் வயது வரையாவது ஓமோன் எடுக்கவேண்டும் என்று சொன்னது. இழந்ததைத் திருப்பிக் கொடுப்பது மட்டுமே அது.

2025 நவம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகம், இக்குளிசைப் பெட்டிகளில் இருந்த கறுப்புக்கட்ட எச்சரிக்கையின் பெரும்பகுதியை நீக்குவதாக அறிவித்தது. வட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி பறந்தது. மகிழ்ச்சிதான், ஆனால் அந்த உற்சாகத்தில் 1966இன் வாடையும் கொஞ்சம் அடிக்கிறது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், கால் நரம்பில் குருதி உறைந்தவர்கள், பாரிசவாதம் வந்தவர்கள் செய்தியைப் பார்த்துவிட்டுக் கடைக்கு ஓடக்கூடாது. மற்றவர்கள் தம் வயது, கருப்பை உண்டா இல்லையா, குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்ற விபரங்களோடு வைத்தியரிடம் போங்கள். தோலில் ஒட்டும் வகையும் இருக்கிறது, குருதி உறையும் ஆபத்து அதில் குறைவு. கேட்டுப் பாருங்கள்.

2014 மார்கழியில், லண்டனில் உறைந்து கிடந்த நடைபாதையில் சின்னம்மா வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. 53 வயது. அடர்த்தி பார்த்தபோது எழுபது தாண்டியவரின் எலும்பு போல் இருந்தது. குளிசையை விட்டிராவிட்டால் முறிந்திராது என்று நான் சத்தியம் செய்யமுடியாது. ஒரு தனி மனுஷிக்கு அப்படிச் சொல்ல எந்த ஆய்வாலும் முடியாது. ஆனால் சூலகமும் ஓமோனும் இல்லாமல் பத்தாண்டுக்கு மேல் இருந்தால் எலும்புக்கு என்ன ஆகும் என்பது 2002இலேயே தெரிந்திருந்த விடயம்.

நான் பார்க்கப் போனபோது இதை எல்லாம் சொல்லி, மன்னிக்கவேண்டும் என்றேன். சின்னம்மா சிரித்தார். அலுமாரியிலிருந்த பழைய கைப்பையை எடுத்துத்தரச் சொன்னார். அந்தப் பத்திரிகைத் துண்டு இன்னும் அதற்குள் மடிப்போடு இருந்தது. இருவரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதன்முதலாக அதை முழுவதும் வாசித்தோம். இரண்டாவது பந்தியிலேயே தெளிவாக அச்சிட்டிருந்தது: 50 முதல் 79 வயது வரையான பெண்கள்.