மிக்கி எலியின் ஊரில் இடிமுழக்கம்



ஆண்டு நடுப்பகுதி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் ஆசிரியர் அறையில் பயணப் பேச்சு எழுவது வழக்கம். பலருக்கு அது கேமரன் மலையோடும் பினாங்கோடும் நின்றுவிடும். ஆனால், பல்லாண்டுச் சேமிப்பைக் கரைத்தேனும் பிள்ளைகளை ஒருமுறை அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள டிஸ்னி வேர்ல்டுக்கு அழைத்துச் சென்றுவிட வேண்டும் என்று கனவு காணும் பெற்றோரும் நம்மிடையே உள்ளனர். என் தங்கையின் குடும்பம் அவ்வாறு சென்று வந்த ஒன்று. நான்கு நாள்கள் பூங்காவில் கழித்தார்கள். நான்கு நாளும் பிற்பகலில் இடியும் மின்னலும் மழையும்!

இதனை ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு சிறுவன் எழுந்து, "அவ்வளவு இடி இடிக்கும் இடத்தில் ஏன் டீச்சர் பூங்காவைக் கட்டினார்கள்?" என்று வினவினான். நல்ல வினா. அதற்கு விடை தேடப் போய், மேகத்திற்குள் வானூர்தியை ஓட்டியவர்களின் வரலாறு வரையில் படிக்க நேர்ந்தது. படித்தவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் நிலவமைப்பைப் பார்ப்போம். புளோரிடா ஒரு தீபகற்பம். மேற்கே மெக்சிகோ வளைகுடா, கிழக்கே அட்லாண்டிக் பெருங்கடல். ஆர்லாண்டோ நகர் அமைந்துள்ள பகுதியில் ஒரு கரைக்கும் மறு கரைக்கும் இடைப்பட்ட அகலம் ஏறத்தாழ 200 கிலோமீட்டர்தான். கோடைக்காலத்தில் காலை வெயில் நிலத்தைச் சுட்டெடுத்ததும் இரு பக்கக் கடல்களிலிருந்தும் கடற்காற்று உள்நோக்கி நகரத் தொடங்கும். நிலத்தின் நடுவே அவை சந்திக்கும்போது ஈரக் காற்றுக்கு மேலே எழுவதைத் தவிர வேறு வழியில்லை. எழுந்த காற்று குளிர்ந்து, மேகமாகத் திரண்டு, பிற்பகலில் இடிமழையாகக் கொட்டுகிறது. ஆர்லாண்டோவின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில் பெய்துவிடுவதற்கு இதுவே தலையாய காரணம். அமெரிக்காவிலேயே இடிநாள்கள் மிகுந்த வட்டாரங்களுள் இஃதும் ஒன்று.

நமக்கு இது புதியதன்று என்று நீங்கள் சொல்லக்கூடும். உண்மைதான். சிங்கப்பூரில் சராசரியாக ஆண்டுக்கு 160க்கு மேற்பட்ட நாள்களில் இடி கேட்கிறது. தீபகற்ப மலேசியாவின் மேற்குக் கரையும் அதற்குச் சளைத்ததன்று. அந்தப் பழக்கமே நம்மவருக்கு ஓர் இடர் என்பது என் கருத்து. இடி கேட்டாலும் பந்தாட்டத்தை நிறுத்தாத ஊர் நம்முடையது.

இப்போது 1946ஆம் ஆண்டுக்குச் செல்வோம். இரண்டாம் உலகப் போர் முடிந்திருந்தது. பயணிகள் வானூர்திப் போக்குவரத்து பெருகிவந்தது. இடிமேகத்திற்குள் சிக்கிய வானூர்திகள் விழுவதும் தொடர்ந்தது. ஆனால், அம்மேகத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை எவரும் முறையாக அளந்ததில்லை. அமெரிக்க வானிலைப் பணியகம், தரைப்படையின் வான்பிரிவு, கடற்படை, வானூர்தியியல் ஆலோசனைக் குழு ஆகிய நான்கும் கைகோத்து 'இடிப்புயல் திட்டம்' என்ற ஆய்வைத் தொடங்கின. சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹோரேஸ் பையர்ஸ் அதற்குத் தலைமை ஏற்றார்.

ஆய்வின் முதல் கோடைக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் ஆர்லாண்டோவை ஒட்டிய பைன்காசில் வான்படைத் தளம். இடிமேகத்தைத் தேடி அலைய வேண்டாத ஊராயிற்றே! போரில் இரவுநேரச் சண்டைக்கென உருவாக்கப்பட்ட பி-61 வகை வானூர்திகளை அவர்கள் பயன்படுத்தினர். மேகம் ஒன்று திரண்டதும் 5,000 அடி இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாக, 25,000 அடி உயரம் வரை, பல வானூர்திகள் அதனை ஒரே வேளையில் ஊடுருவிச் செல்லும். மேகத்தைச் சுற்றிப் போவதே அறிவுடைமை என்று அதுகாறும் கற்பிக்கப்பட்ட வானோடிகள், கட்டளையின்பேரில் அதன் நடுவே புகுந்தனர். அடுத்த ஆண்டு ஒஹாயோ மாநிலத்தில் ஆய்வு தொடர்ந்தது. இரு கோடைகளிலும் சேர்த்து ஆயிரத்திற்கும் மேற்பட்ட ஊடுருவல்கள் நிகழ்ந்தன.

1949இல் பையர்சும் ராஸ்கோ பிரஹாமும் எழுதிய அறிக்கை வெளிவந்தது. இன்றைய பாடநூல்களில் காணப்படும் மூன்று கட்டங்கள் அதிலிருந்து வந்தவையே. முதலாவது, காற்று மேலே மட்டும் எழுந்து மேகம் வளரும் கட்டம். இரண்டாவது முதிர்ந்த கட்டம். மேலெழும் காற்றும், மழையோடு கீழிறங்கும் குளிர்காற்றும் ஒருங்கே இயங்கும் வேளை. மூன்றாவது, கீழிறங்கும் காற்று மேலோங்கி மேகத்தின் மூச்சையே அடைத்துவிடும் தளர்ச்சிக் கட்டம். ஒரு தனி மேக அறையின் வாழ்நாள் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரைதான் என்பதும் அப்போது தெளிவாயிற்று. இரு கரைக் கடற்காற்றுகளின் சந்திப்பே தீபகற்பத்தின் இடிமழைக்குக் காரணம் என்பதைப் பையர்ஸ் மற்றோர் ஆய்வாளருடன் சேர்ந்து 1948இல் தனிக் கட்டுரையாகவும் வெளியிட்டார்.

பைன்காசில் தளம் பின்னாளில் மெக்காய் வான்படைத் தளம் எனப் பெயர் மாற்றப்பட்டது. இன்று அதுவே ஆர்லாண்டோ அனைத்துலக விமான நிலையம். பயணப் பெட்டியில் ஒட்டப்படும் 'எம்.சி.ஓ.' என்ற குறியீடு மெக்காய் என்ற பெயரின் எச்சம். டிஸ்னிக்குச் செல்லும் குடும்பங்கள், ஒரு காலத்தில் இடிமேகத்தை அளக்கப் புறப்பட்டவர்களின் தளத்தில்தான் வந்திறங்குகின்றன!

சரி, மாணவனின் வினாவுக்கு வருவோம். வால்ட் டிஸ்னி தம் முதல் பூங்காவைக் கலிபோர்னியாவின் அனகைமில் 1955 ஜூலை 17ஆம் நாள் திறந்தார். அங்குக் கோடையில் மழை என்பதே அரிது. இரண்டாவது பூங்காவுக்கு இடம் தேடி 1963 நவம்பர் 22ஆம் நாள் அவர் புளோரிடாவின் மேலே பறந்தார். அதிபர் கென்னடி சுட்டுக்கொல்லப்பட்ட நாளும் அதுவே. வானூர்தி தரையிறங்கிய பிறகே அவர்களுக்குச் செய்தி தெரிந்தது. மேலிருந்து அவர் கண்டு மகிழ்ந்தது நெடுஞ்சாலைகளின் சந்திப்பையும் அதனருகே பரந்து கிடந்த மலிவான சதுப்புநிலத்தையும். கடற்கரையோரம் அவருக்கு வேண்டியிருக்கவில்லை; கடலோடு போட்டியிட அவர் விரும்பவில்லை என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். கடலைத் தவிர்த்து உள்நாட்டுக்கு வந்தவர், இரு கடல்களின் காற்றும் வந்து மோதும் பகுதியில் நிலம் வாங்கினார். அவர் வானிலையை எவ்வளவு எண்ணிப் பார்த்தார் என்பதை நான் அறுதியிட்டுக் கூறமாட்டேன். ஆனால், சாலை, நிலவிலை, கூட்டம் ஆகிய மூன்றையும் கணக்கிட்டு எடுத்த முடிவு அது என்பதில் ஐயமில்லை.

1966 டிசம்பர் 15ஆம் நாள் வால்ட் காலமானார். அண்ணன் ராய் தம் ஓய்வைத் தள்ளிவைத்துப் பணியைத் தொடர்ந்தார். 27,000 ஏக்கருக்கும் மேற்பட்ட அந்நிலத்தில் முதல் எதிரி தண்ணீர். பனாமா கால்வாய் மண்டலத்தின் ஆளுநராக முன்பு பணியாற்றிய தரைப்படைப் பொறியாளர் ஜோ பாட்டரிடம் அப்பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. 1967இல் மாநிலச் சட்டமன்றம் ரீடி கிரீக் மேம்பாட்டு மாவட்டம் என்ற தனி நிருவாகத்தையே உருவாக்கித் தந்தது. (2023இல் அதன் நிருவாகம் மாநில அரசு நியமிக்கும் குழுவின் கைக்கு மாறி, பெயரும் மாற்றப்பட்டது; அந்த அரசியல் வேறு கதை.) பாட்டரின் குழு 60 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வடிகால்களை வெட்டியது. வடிகாலின் மதகுகள் நீர்மட்டம் உயர்ந்தால் மிதவையின் துணையால் தாமே திறந்து, தாழ்ந்தால் தாமே மூடிக்கொள்ளும் வகையில் அமைந்தன. புயலில் மின்சாரம் போனாலும் அவை வேலை செய்யும். இந்த எளிமை என்னை மிகவும் கவர்ந்தது.

நிலத்தடி நீர் மேலேயே இருந்தமையால் தரையைத் தோண்டிச் சுரங்கப்பாதை அமைக்க இயலவில்லை. ஆகவே, பணியாளர் நடமாடும் பாதைகளை நிலமட்டத்தில் கட்டி, அருகே ஏரி வெட்டிய மண்ணைக் கொண்டு சுற்றிலும் நிரப்பினர். மேஜிக் கிங்டம் பூங்காவில் நாம் தரை என்று எண்ணி நடப்பது உண்மையில் மேல்மாடி! 1971 அக்டோபர் முதல் நாள் பூங்கா திறக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் ராயும் மறைந்தார்.

தரையில் விழும் நீரை இப்படி வென்றார்கள். வானிலிருந்து இறங்கும் மின்னலை வெல்ல இயலவில்லை. அதற்கு ஒதுங்கிப்போகவே கற்றார்கள். மின்னல் அருகில் வந்தால் வெளிப்புற விளையாட்டுகள் நிறுத்தப்படும், நீச்சல் குளங்களிலிருந்து அனைவரும் வெளியேற்றப்படுவர். 1989இல் திறக்கப்பட்ட டைஃபூன் லகூன் என்னும் நீர்ப்பூங்கா, சூறாவளி ஒன்று ஊரைப் புரட்டிப் போட்டது போன்ற கற்பனைக் கதையை அடிப்படையாகக் கொண்டது. மலையுச்சியில் கப்பல் ஒன்று சிக்கி நிற்கும். அந்தப் பொய்ப்புயல் பூங்காவும் மெய்யான மின்னலுக்கு முன்னால் குளத்தைக் காலி செய்துதான் ஆகவேண்டும்.

இங்கேதான் பெற்றோர் சிந்திக்க வேண்டிய செய்தி உள்ளது. விளையாட்டை நிறுத்தியதும் பலருக்குச் சினம் வருகிறது. நீண்ட நேரம் வரிசையில் நின்றோமே, நுழைவுச்சீட்டுக்கு இவ்வளவு கொடுத்தோமே என்று! என் தங்கை கணவரும் முதல் நாள் அப்படித்தான் புலம்பினாராம். 1940களில் அமெரிக்காவில் ஆண்டுதோறும் சராசரியாக 300க்கும் மேற்பட்டோர் மின்னலால் மாண்டனர். அவர்களுள் வயல்வெளியில் உழைத்தவர்கள் பலர். 2021ஆம் ஆண்டில் மாண்டோர் 11 பேர் மட்டுமே. மக்கள் வயலை விட்டு நகருக்கு வந்ததும், உறுதியான வீடுகளும், மருத்துவமும், எச்சரிக்கையும் இந்த வீழ்ச்சிக்குக் காரணங்கள். ஆனால் இன்றைய இறப்புகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பொழுதுபோக்கு வேளைகளில் நிகழ்கின்றன. மீன்பிடித்தல், கடற்கரை, விளையாட்டு என விடுமுறைக் களிப்பில் இருப்போரே மிகுதியாகப் பலியாகின்றனர். மாநிலங்களுள் புளோரிடாவே முன்னிற்கிறது. களிப்பு காதை அடைத்துவிடுகிறது போலும்.

'இடி கேட்டால் உள்ளே போ' என்னும் பொருள்பட அந்நாட்டு வானிலைத் துறை 2001 முதல் பரப்புரை செய்துவருகிறது. நொடிகளை எண்ணித் தொலைவைக் கணக்கிடும் பழைய முறை வகுப்பறைக்கு நல்ல பயிற்சி: மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். எனினும், பூங்காவில் எண்ணிக்கொண்டு நிற்க வேண்டாம். மழையே பெய்யாத இடத்திலும், மேகத்திலிருந்து 15 கிலோமீட்டருக்கு அப்பால்கூட மின்னல் விழக்கூடும். மரத்தடி, ஓலைக்குடில், குடைநிழல், பேருந்து நிறுத்தத்தின் கூரை இவை எவையும் அடைக்கலம் ஆகா. சுவரும் மின்கம்பியும் நீர்க்குழாயும் உள்ள முழுமையான கட்டடமோ, உலோகக் கூரையுடன் சாளரம் மூடிய பேருந்தோ, மகிழ்வுந்தோதான் அடைக்கலம்.

இரண்டாம் நாளிலிருந்து என் தங்கை குடும்பம் செய்தது பயனுள்ளது. பூங்கா திறக்கும் வேளையிலேயே சென்று, மலை இரயில் முதலிய வெளிப்புற விளையாட்டுகளை நண்பகலுக்குள் முடித்துக்கொண்டனர். மேகம் கறுக்கும் வேளையில் உள்ளரங்குக் காட்சிகளுக்குச் சென்றனர். 1964ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக உருவாக்கப்பட்ட 'முன்னேற்றச் சுழல்மேடை' அவற்றுள் ஒன்று. அமெரிக்க வீடு ஒன்றுக்குள் மின்சாரம் நுழைந்த கதையை அது சொல்கிறது. வெளியே இயற்கையின் மின்சாரம் முழங்க, உள்ளே அமர்ந்து அதைப் பார்த்ததைத் தங்கை மகள் இன்னும் நினைவில் வைத்திருக்கிறாள். குடைக்கு மாற்றாக ஆளுக்கொரு மழைமேலங்கி, மாற்றுக் காலுறை, கைப்பேசிக்கு நெகிழிப் பை. இவற்றை ஊரிலிருந்தே கொண்டு போயிருந்தால் பணம் மிச்சமாகியிருக்கும் என்றாள் தங்கை.

மழை வந்ததும் பலர் விடுதிக்குத் திரும்பிவிடுவார்கள். அறையில் காத்திருந்தவர்களுக்கு மாலையில் வரிசை குறையும். கீழிறங்கிய குளிர்காற்றால் வெப்பமும் தணிந்திருக்கும். பையர்ஸ் கண்ட மூன்றாம் கட்டம் அது. ஆனால் மழை நின்றுவிட்டது என்று பிள்ளைகள் வாசலுக்கு ஓடுவார்கள். கடைசி இடி கேட்ட நேரத்தைக் கைக்கடிகாரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து முப்பது நிமிடம் உள்ளேயே இருக்க வேண்டும். இருபத்தொன்பதாவது நிமிடத்தில் தொலைவில் ஓர் உறுமல் கேட்டாலும் கணக்கு மீண்டும் ஒன்றிலிருந்துதான்.