வலைச் செயலி நிறுவல்: பழுது தேடல்

எழுதியவரின் மடிக்கணினியில் ஓடும் வலைச் செயலியை, எல்லோரும் திறக்கக்கூடிய சேவையகத்தில் ஏற்றி ஓடவைப்பது நிறுவல். தொழிலில் இருப்பவர் வாயில் ‘டிப்ளோய் பண்ணுறது’. ஏற்றிய பின் ஓடாமல் போனால், எங்கே அறுந்தது என்று பிடிப்பது பழுது தேடல்.

மடிக்கணினியில் செயலியும் தரவுத்தளமும் உலாவியும் ஒரே பெட்டிக்குள் குடியிருக்கின்றன. சேவையகம் என்று வந்ததும் நடுவில் பல கைகள் புகுந்துவிடுகின்றன. கல்முனைக்குப் பக்கத்து நற்பிட்டிமுனையில் ஒருவர் கைபேசியில் முகவரியைத் தட்டினால், டிஎன்எஸ் அதற்குரிய எண்ணைச் சொல்ல வேண்டும். கோரிக்கை கடலடிக் கேபிளில் ஏறி சிங்கப்பூரிலோ மும்பையிலோ உள்ள வாடகைச் சேர்வருக்குப் போக வேண்டும். அங்கே தீச்சுவர், பாதுகாப்புச் சான்றிதழ், எஞ்சின்எக்ஸ் போன்ற முன்வாசல் மென்பொருள், அதன் பின்னால் செயலி, அதற்கும் பின்னால் தரவுத்தளம். வெளியிலிருந்து உள்ளே இதே வரிசையில் ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்ப்பதுதான் அனுபவசாலிகளின் வழக்கம். இடையில் குதித்து நிரலைத் திருத்தத் தொடங்குபவர் பெரும்பாலும் இரண்டு பழுதோடு வெளியே வருவார்.

முதல் கதவான டிஎன்எஸ் எவ்வளவு பெரியவரையும் வெளியே நிறுத்திவிடும். 2021 ஒக்டோபர் 4 அன்று, இலங்கை நேரம் இரவு ஒன்பது மணி தாண்டியதும் ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் ஒன்றாக நின்றன. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை அந்நிறுவனத்தின் உட்பிணையத்தைத் துண்டித்தது. அதன் டிஎன்எஸ் சேவையகங்களுக்குப் போகும் வழியே இணையத்திலிருந்து மறைந்தது. செயலிகளில் கோளாறு எதுவுமில்லை, விலாசம் சொல்ல ஆளில்லை, அவ்வளவுதான். சரிசெய்ய ஏறத்தாழ ஆறு மணித்தியாலம் பிடித்தது. தமிழில் முகவரி வைத்திருப்பவருக்கு இந்தக் கதவில் தனி வில்லங்கம் ஒன்றும் உண்டு. 2010இல் கிடைத்த ‘.இலங்கை’ என்ற மேல்நிலைப் பெயர் திரையில் தமிழாகத் தெரிந்தாலும், டிஎன்எஸ்ஸுக்குள் ‘எக்ஸ்என்’ என்று தொடங்கும் உரோம எழுத்துக் கோவையாகத்தான் பயணிக்கிறது. எஞ்சின்எக்ஸின் அமைப்புக் கோப்பில் தமிழ்ப் பெயரை அப்படியே எழுதினால் அது பொருந்தாது. பார்வையாளருக்கு வேறொரு தளம் திறந்துகொள்ளும்.

தீச்சுவர் இரண்டு இடத்தில் இருக்கும்: ஒன்று சேர்வருக்குள், இன்னொன்று வாடகைக்குக் கொடுத்தவரின் கட்டுப்பாட்டுப் பலகையில். ஒன்றைத் திறந்துவிட்டு மற்றதை மறப்பது வாடிக்கை. லெட்ஸ் என்க்ரிப்ட் தரும் இலவசச் சான்றிதழுக்கு வழமையான ஆயுள் 90 நாள். யாரோ சேர்வரின் 80ஆம் போர்ட்டை, அதாவது அந்த எண்ணுள்ள வாசலை, மூடிவிட்டால், அதன் வழியே நடக்கும் தானியங்கிப் புதுப்பிப்பு சத்தமில்லாமல் தோற்று, ஆயுள் முடிந்த பிறகே உலாவி சிவப்பு எச்சரிக்கை காட்டும்.

உலாவியில் தெரியும் பிழை எண்களில் அதிகம் அலைக்கழிப்பது 502. முன்வாசலில் எஞ்சின்எக்ஸ் உயிரோடு நிற்கிறது, பின்கதவைத் தட்டினால் சரியான பதில் வரவில்லை என்பதே அதன் பொருள். 504 என்றால் உள்ளே ஆள் இருக்கிறார், விடை சொல்வதற்குள் நேரம் முடிந்தது. 500 என்றால் செயலியே இடறி விழுந்தது. எண்ணைப் பார்த்து ஊகிப்பதைவிட லொக் எனப்படும் பதிவுக் கோப்பின் கடைசி வரிகளைப் படிப்பது மேல். அங்கே ‘கனெக்‌ஷன் ரிஃபியூஸ்ட்’ என்ற சொற்களும் 127.0.0.1:8000 என்ற விலாசமும் இருந்து, செயலியோ 3000ஆம் போர்ட்டில் காத்திருந்தால், பழுது அந்த ஒரே வரியில் முடிந்தது. செயலி ஓடவே இல்லையென்றால் நினைவகத்தைப் பார்க்க வேண்டும். 1 ஜிபி சேர்வரில் இடம் போதாதபோது லினக்ஸ் தானே ஒரு செயலைக் கொன்றுவிடும். வெளியேற்ற எண் 137 என்று பதிவாகியிருந்தால் முதல் சந்தேகம் அங்கேதான். விண்டோஸில் தெரிந்த படம் லினக்ஸில் 404, அதாவது ‘கிடைக்கவில்லை’, ஆவது இன்னும் எளிய கதை: கோப்பின் பெயரில் பெரிய எழுத்து, நிரலில் சின்ன எழுத்து, லினக்ஸுக்கு இரண்டும் வேறு.

2022 மார்ச் இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. அலுவலகத்திலேயே சேர்வர் வைத்திருப்பவரை இத்தகைய வெட்டுகள் ஒரு நுணுக்கத்தில் பிடித்துவிடும். லினக்ஸின் சிஸ்டம்டியில் செயலியை ‘ஸ்டார்ட்’ செய்தால் இப்போதைக்கு ஓடும். ‘எனேபிள்’ செய்தால்தான் கணினி மறுபடி எழும்போது தானாக எழும். கரண்ட் வந்த பிறகும் தளம் வராததற்கு இந்த ஒரு சொல் போதும்.

தமிழுக்கே உரிய பழுதுகள் தரவுத்தளத்தில் பதுங்கியிருக்கும். மைஎஸ்கியுஎல் என்ற தரவுத்தள மென்பொருள் 2018இல் வந்த 8.0 பதிப்பிலிருந்துதான் யுடிஎஃப்8எம்பி4 குறியாக்கத்தை இயல்பாகக் கொண்டது. அதற்கு முன் தமிழுக்கு இடமில்லாத லத்தீன்1. மடிக்கணினியில் புதியதும் சேர்வரில் பழையதும் இருந்தால் பெயர்கள் குப்பை எழுத்துகளாகவோ கேள்விக்குறிகளாகவோ மாறும். குப்பையைப் பெரும்பாலும் மீட்கலாம். கேள்விக்குறியாகவே சேமிக்கப்பட்டிருந்தால் மீட்க எதுவும் மிச்சமில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமி அம்பாறைக் கரையைத் துடைத்தெறிந்த நாட்களில் இலங்கைத் தன்னார்வலர்கள் எழுதத் தொடங்கிய ‘சஹானா’, காணாமற்போனோரைப் பதிந்து தேடும் வலைச் செயலி. 2005இல் பாகிஸ்தானிலும் 2006இல் பிலிப்பைன்ஸிலும் அது ஏற்றப்பட்டது. அப்படியொரு செயலியில் பெயர் கேள்விக்குறியானால் தேடுபவர் எதைத் தேடுவார்? வேர்ட்பிரஸில் இன்னொரு சிக்கல். இணைப்பில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 9 உரோம எழுத்தாக விரிவதால் ‘தமிழ்’ என்ற சொல் மட்டுமே 45 இடம் பிடிக்கும்; எல்லை 200 என்பதால் நீண்ட தலைப்பின் இணைப்பு நடுவில் வெட்டுப்படும்.

பழுது பிடிபடாவிட்டால் முந்திய பதிப்புக்குத் திரும்புவது வழக்கம். அதிலும் கண்மூடிப் போக முடியாது. 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்கப் பங்கு வணிக நிறுவனமான நைட் கேப்பிட்டல், எட்டுச் சேர்வர்களில் ஒன்றுக்குப் புது நிரலை ஏற்ற மறந்தது. பதற்றத்தில் சரியாக இருந்த ஏழிலிருந்தும் புதியதைக் கழற்ற, நிலைமை இன்னும் மோசமானது. 45 நிமிடத்தில் 40 கோடி டொலருக்கு மேல் போயிற்று. திரும்பிப் போகப் பிரதியும் இருக்க வேண்டும். 2023இல் லங்கா அரச முகில் சேவையைக் கப்பம் கேட்கும் தீம்பொருள் தாக்கியபோது, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் பிரதியின்றி அழிந்தன.

இதுவரை சொன்னவை சத்தம் போடும் பழுதுகள். மோசமானவை வாய் திறக்காதவை: பக்கம் திறக்கும், லொக்கில் ‘சரி’ என்று பொருள்படும் 200 பதியும், விடை மட்டும் பிழை. நற்பிட்டிமுனைக்கான தொழுகை நேரச் செயலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆள்கூறு வைத்திருக்கும் அமைப்புக் கோப்பு சேர்வருக்குப் போகாமல் விடுபட்டால், செயலி இயல்பாகக் கொழும்பை எடுத்துக்கொள்ளும். இந்தக் கரை கொழும்புக்கு ஏறத்தாழ 2 பாகை கிழக்கே. பாகைக்கு 4 நிமிடம். நோன்பு திறப்பு எட்டு நிமிடம் பிந்திக் காட்டும், அதைப் பொறுக்கலாம். நோன்புக்கு முந்திய உணவான சஹரின் முடிவும் எட்டு நிமிடம் பிந்தும், நேரம் கடந்தும் சாப்பிடவைக்கும். அதைப் பொறுக்க முடியாது.

சேர்வரின் கடிகாரம் உலகப் பொது நேரமான யுடிசியில் ஓடினால் இன்னொன்று சேரும். இலங்கை ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. ஆகவே காலை 5:30 வரை சேர்வருக்கு இன்னும் நேற்றைய தேதிதான். சஹருக்கு எழுந்து திறப்பவர் பார்ப்பது நேற்றைய நோன்பின் அட்டவணை. பகலில் சோதித்த நிரலாளருக்கு இது கண்ணில் படாது. நேர வலயத்தை ‘ஏசியா/கொழும்பு’ என்று பெயரால் கொடுக்க வேண்டும், ஐந்தரை என்று எண்ணால் கொடுத்தால் பழைய பதிவுகள் பிசகும்: நாட்டின் நேரம் 1996 மே மாதம் ஒரு மணித்தியாலம் முன்தள்ளப்பட்டு, ஒக்டோபரில் அரை மணி பின்வாங்கி, 2006 ஏப்ரலில்தான் பழைய இடத்துக்கு வந்தது. சோதனையும் அதிகாலை நாலரைக்கே செய்ய வேண்டியது, ஒரு கையில் கைபேசி, எதிரே பள்ளிவாசல் சுவரில் ஒட்டிய அச்சு அட்டவணை.