கம்பம் பள்ளத்தாக்கின் தலைமுறை நாவல்கள்

ஒரு குடும்பத்தின் பிறப்பு, மணம், பிரிவு, மரணம் ஆகியவற்றை இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தலைமுறைகளின் வழியே தொடர்ந்து சொல்லி, அக்குடும்பம் வாழ்ந்த காலத்தின் சரித்திரத்தையும் உடன் விளங்க வைக்கும் நெடுங்கதையைத் தலைமுறை நாவல் என்பர். தமிழில் நீல பத்மநாபனின் 'தலைமுறைகள்' (1968), கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976) முதலியன இவ்வகையில் பெயர்பெற்றவை. மேற்கே ஏலமலைகளும் கிழக்கே வருசநாட்டு மலைகளும் எல்லையாக அமைந்த கம்பம் பள்ளத்தாக்கும், அதனை அடுத்த ஆண்டிபட்டி, பெரியகுளம், போடிநாயக்கனூர் வட்டாரங்களும் இவ்வகை நாவலுக்குச் செழிப்பான களமாக இருந்துவருகின்றன. முன்னர் மதுரை மாவட்டத்தில் அடங்கியிருந்த இப்பிரதேசம் 1996-ல் தேனி மாவட்டமாகத் தனித்து அமைக்கப்பட்டது.

சரித்திரப் பின்னணி

இப்பகுதிக் குடும்பங்களின் கதை பெரும்பாலும் தண்ணீரின் கதையே. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சம் வைகைப் பாசனத்தை நம்பியிருந்த ஜனங்களை நிலைகுலையச் செய்தது. மலைக்கு அப்பால் மேற்கே ஓடி வீணாகக் கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்ப வேண்டும் என்ற பழைய யோசனை அதன்பின் உறுதிபெற்றது. 1886 அக்டோபர் 29-ஆம் நாள் திருவிதாங்கூர் அரசுக்கும் சென்னை மாகாண அரசுக்கும் இடையே 999 ஆண்டுக் குத்தகை உடன்படிக்கை ஏற்பட்டது. மறு ஆண்டு தொடங்கிய வேலையைக் கர்னல் ஜான் பென்னிகுயிக் முன்னின்று நடத்தினார். காட்டு வெள்ளமும் மலைக்காய்ச்சலும் பல உயிர்களைக் கொண்டபின், சுண்ணாம்பும் சுர்க்கி என்னும் செங்கற்பொடியும் கலந்து கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895-ல் திறக்கப்பெற்றது. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே இறங்கிய நீர், மானாவாரிச் சோளமும் கம்பும் விளைந்த நிலங்களை இருபோக நெல்வயல்களாக மாற்றியது. அந்நன்றியின் அடையாளமாகப் பிள்ளைகளுக்குப் பென்னிகுயிக் என்று பெயரிடும் வழக்கம் இங்கே உண்டு.

இரண்டாம் அணையின் கதை வேறு விதமானது. ஆண்டிபட்டி அருகே வைகையின் குறுக்கே எழுந்து 1959-ல் முதலமைச்சர் காமராசரால் திறந்துவைக்கப்பட்ட வைகை அணை, கீழ்நாட்டு ஆயக்கட்டுக்கு ஜீவாதாரமாயிற்று; ஆனால் அதன் நீர்த்தேக்கப் பரப்பில் இருந்த 14 கிராமங்களின் மக்கள் வீட்டையும் நிலத்தையும் குலதெய்வக் கோயிலையும் நீருக்குக் கொடுத்துவிட்டு மேட்டு நிலங்களுக்குக் குடிபெயர்ந்தனர். முதல் அணை கொடுத்ததும் இரண்டாம் அணை எடுத்துக்கொண்டதும் ஒரே ஜனங்களின் இரண்டு தலைமுறைக்குள் நிகழ்ந்தமையால், இங்கே தாத்தனின் அனுபவத்தைப் பேரனுக்குச் சொல்லும் கதை தானாகவே சரித்திரமாகி விடுகிறது.

முன்னோடிகள்

தமிழில் குடும்பத்தை நடுநாயகமாக வைத்து எழுதப்பெற்ற முதற் சிறந்த நாவல் இப்பள்ளத்தாக்கின் வாயிலிலிருந்தே பிறந்தது என்பது பெருமைக்குரிய செய்தியாகும். பழைய மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த வத்தலக்குண்டில் 1872-ல் தோன்றி, 26 வயதிலேயே மறைந்த பி. ஆர். ராஜமையர், 'விவேக சிந்தாமணி' என்னும் மாத இதழில் 1893 முதல் தொடராக எழுதிய 'கமலாம்பாள் சரித்திரம்' 1896-ல் நூலுருப்பெற்றது. சிறுகுளம் என்னும் கிராமத்தில் செல்வாக்கோடு வாழ்ந்த முத்துஸ்வாமி ஐயர், பிள்ளையைப் பறிகொடுத்து, பொருளையும் இழந்து, ஊரார் வாயில் பிறந்த அபவாதத்தால் மனைவி கமலாம்பாள்மீதே ஐயங்கொண்டு துறவு பூண்டு போவதும், அந்த அம்மாள் பொறுமையொன்றையே துணையாகக் கொண்டு எல்லாவற்றையும் தாங்கி நிற்பதும் கதை. அடுத்த தலைமுறைத் தம்பதிகளாகிய ஸ்ரீநிவாசன், லக்ஷ்மி இருவரின் அன்பும் அவர்கள் படும் துயரமும் உடன் பின்னப்பட்டிருக்கின்றன. காதல், கஷ்டம், சகிப்பு என்னும் மூன்று இழைகளும் ஒரே வீட்டுக்குள் கூடுவது தமிழ் நாவலில் இங்கேதான் தொடங்குகிறது. திண்ணைப் பேச்சையும் பெண்கள் கூடிப் பேசும் வம்பையும் ராஜமையர் காதால் கேட்டபடியே எழுதிவைத்தமை, பின்வந்தோர் வட்டார மொழியைக் கையாளத் துணிவு தந்தது.

பெயரின் முதலெழுத்தில் சின்னமனூரைத் தாங்கியிருந்த சி. சு. செல்லப்பா (1912–1998) இம்மரபின் அடுத்த பெயர். வத்தலக்குண்டில் வளர்ந்து, சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்று, 'எழுத்து' இதழை நடத்திய அவர், முதுமையில் எழுதி 1997-ல் மூன்று பாகங்களாக வெளியிட்ட 'சுதந்திர தாகம்', தேச விடுதலை இயக்கம் சாமானியர்களின் வாழ்க்கைக்குள் எப்படிப் புகுந்தது என்பதைச் சொல்வது. அவர் மறைந்தபின், 2001-ல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது அளிக்கப்பட்டது.

வகைகள்

இப்பகுதித் தலைமுறை நாவல்களை அவற்றின் களம்பற்றி மூன்றாகப் பகுக்கலாம்.

நீர்வழி நாவல்கள் ஆறு, கிணறு, அணை ஆகியவற்றைச் சார்ந்த உழவர் குடும்பங்களைப் பற்றியன. மலைவழி நாவல்கள் தோட்டப் பயிர்களையும் சுமைகூலிகளையும் பற்றியன. போடிநாயக்கனூரைச் சேர்ந்த எஸ். செந்தில்குமாரின் 'கழுதைப் பாதை' இதற்குச் சான்று. போடியிலிருந்து மலைத்தோட்டங்களுக்குக் கழுதைகளின் முதுகிலும் மனிதர் தலையிலும் உப்பும் அரிசியும் ஏறி, அங்கிருந்து காப்பிக்கொட்டை இறங்கிய காலத்தின் கதை அது. தொழில்வழி நாவல்கள் ஒரு தொழிலையே பரம்பரைச் சொத்தாகக் கொண்ட குடும்பங்களைப் பற்றியன. பொற்கொல்லர் குடும்பங்களின் பல தலைமுறைகளைத் தொடரும் செந்தில்குமாரின் 'காலகண்டம்', நூற்பாலைத் தொழிலாளரைப் பற்றிய ம. காமுத்துரையின் 'மில்' ஆகியவை இவ்வகையின.

கள்ளிக்காட்டு இதிகாசம்

நீர்வழி நாவல்களுள் தலையாயது வைரமுத்துவின் 'கள்ளிக்காட்டு இதிகாசம்'. ஆசிரியர் வைகைக் கரையிலுள்ள மெட்டூரில் 1953-ல் பிறந்து, அணைக்காக ஊர் காலியானபோது 1957-ல் பெற்றோருடன் வடுகபட்டிக்குக் குடிபெயர்ந்தவர். 'ஆனந்த விகட'னில் தொடராக வந்த இந்நாவல் 2003-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது.

பேயத்தேவர் என்னும் முதிய சம்சாரியும் அவருடைய பேரன் மொக்கராசுவும் இதன் நாயகர்கள். மகனாலும் மகளாலும் வந்த துன்பங்களையும் கடன் சுமையையும் கிழவர் தம் உடலுழைப்பு ஒன்றாலேயே எதிர்கொள்கிறார். முருகாயியோடு அவருக்குள்ள பழைய நேசம், உரிமை கேளாமலும் ஊர் அறியப் பேசாமலும் இறுதிவரை நிலைத்து, முதுமைக் காதலைத் தமிழில் இத்துணைக் கண்ணியத்தோடு சொன்ன நூல் வேறில்லை என்னும்படி அமைந்திருக்கிறது.

கிணறு இந்நாவலின் உயிர்நாடி. மானாவாரிக் காட்டில் ஒரு குடும்பம் தலையெடுக்கிறதா, சாய்கிறதா என்பதைக் கிணறே தீர்மானித்தது. கமலை ஏற்றத்தில், கிணற்று மேட்டுச் சரிவில் மாடுகள் முன்னும் பின்னும் நடக்க, வடத்தில் கட்டிய சால் அடித்தண்ணீரில் முங்கி மேலேறி, தும்பி என்னும் தோற்குழாயின் வாய்வழியே வாய்க்காலில் கொட்டும். ஊற்று வற்றினால் கிணற்றை ஆழப்படுத்த வேண்டும், ஆழப்படுத்தக் கடன் வாங்க வேண்டும், கடன் அடைக்க மாட்டை விற்க வேண்டும், மாடில்லாவிட்டால் தண்ணீர் இருந்தும் பயனில்லை. இந்தச் சக்கரத்துக்குள் சுழன்ற ஒரு தலைமுறை பாறையை உடைத்துக் கண்ட ஊற்றையும் அணைநீர் ஒருநாள் மூடிவிடுகிறது. இழப்பீட்டுக் கணக்கில் நிலத்துக்கு ஏக்கர் உண்டு, வீட்டுக்கு அளவு உண்டு. அந்நிலத்தில் சிந்திய வியர்வைக்கு இனம் கிடையாது. அந்த விடுபட்ட இனத்தையே நாவல் எழுதி நிறைவு செய்கிறது. முடிவில் பேயத்தேவர் தம் வீட்டோடு நீரில் மறைகிறார்; பேரன் மிஞ்சுகிறான்.

இதனை அடுத்து 'ஆனந்த விகட'னிலேயே வைரமுத்து எழுதிய 'கருவாச்சி காவியம்', பஞ்சாயத்தில் தீர்த்துவிடப்பட்ட ஒரு பெண் ஒற்றை ஆளாய்ப் பிள்ளை பெற்று வளர்த்து மண்ணில் வேரூன்றி நிற்பதைச் சொல்கிறது. துணையின்றித் தானே மகவை ஈன்றெடுக்கும் அவளுடைய பிரசவப் பகுதியை வாசகர்கள் இன்றும் நினைவுகூர்கின்றனர். அவரே எழுதிய 'மூன்றாம் உலகப் போர்' கருத்தமாயி என்னும் உழவரின் குடும்பத்தை முன்னிறுத்தி, வேளாண்மையின் நலிவையும் புவி வெப்பமாதலையும் பேசுகிறது.

இந்நாவல்களில் கவிதை நடை மிகுந்து கதையின் ஓட்டத்தை மறைக்கிறது என்று குறைகூறியவர்கள் உண்டு. பழமொழியும் உவமையும் இன்றி நாலு வார்த்தை பேசாத ஜனங்களின் கதையை வெற்றுரையில் எழுதியிருந்தால் அதுவே பொய்யாகியிருக்கும். 'இதிகாசம்', 'காவியம்' என்னும் பெயர்கள் பாட்டுடைத் தலைவராக அரசரையே ஏற்ற பழைய சம்பிரதாயத்தை மாற்றி, கோவணம் கட்டிய சம்சாரிக்கும் கைவிடப்பட்ட பெண்ணுக்கும் அந்த ஸ்தானத்தை வழங்கியமையால் பொருத்தமானவையே.

தற்கால நிலை

தேனி சீருடையான், காமுத்துரை, செந்தில்குமார் ஆகியோரின் எழுத்துகளால் இம்மரபு இன்றும் தொடர்கிறது.

மதிப்பீடு

அணைகளின் உயரமும் கொள்ளளவும் பொதுப்பணித் துறை ஏடுகளில் உள்ளன. அவற்றால் எழுந்தும் விழுந்தும் போன வீடுகளின் வரலாறு இந்நாவல்களிலேயே உள்ளது. ஆகவே கம்பம் பள்ளத்தாக்கின் சரித்திரத்தைக் கற்க விரும்புவோர் இவற்றைக் கற்பனை நூல்கள் என்று ஒதுக்காமல், ஆவணங்களுக்குச் சமமாக வைத்துப் பயிலுதல் வேண்டும்.