ஆய்தம் பெற்ற அயற்பெயர்

தொல்காப்பியர் சார்பெழுத்து மூன்றனுள் ஒன்றாக ஆய்தத்தை வகுத்தார். குற்றெழுத்துக்குப் பின்னும் உயிரேறிய வல்லெழுத்துக்கு முன்னும் அது நிற்கும் என இடமும் வரையறுத்தார். எஃகு, அஃது என்னும் சொற்களில் அவ்விதியைக் காணலாம்.

கணிப்பொறி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். ஆகவே ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் வேண்டும். இந்தியாவில் வகுக்கப்பட்ட 1988ஆம் ஆண்டின் இஸ்கி முறை, பிராமி வழிவந்த எழுத்துகளுக்குப் பொதுவான ஒரே வரிசையைக் கொண்டது. அதில் வடமொழி விசர்க்கத்திற்குரிய இடமே தமிழில் ஆய்தத்திற்கு வாய்த்தது. 1991இல் வெளிவந்த ஒருங்குறியும் அவ்வரிசையைத் தழுவி, 2947 என்னும் எண்ணோடு 'தமிழ் விசர்க்கக் குறி' என்னும் பொருள்பட ஆங்கிலப் பெயரையும் சூட்டிவிட்டது. விசர்க்கமோ இரு புள்ளி. பெரும்பாலும் சொல்லின் இறுதியில் வருவது. ஆய்தமோ முப்புள்ளி; தமிழ்ச்சொல்லின் இறுதியில் வாராதது. புள்ளிகளை எண்ணிப் பார்த்திருந்தாலே வேறுபாடு விளங்கியிருக்கும்!

நெடுங்கணக்கில் ஔகாரத்தின் பின் நிற்கும் ஆய்தம், எண்வரிசையில் 2949ஆம் எண் பெற்ற அகரத்திற்கும் முன் நிற்கிறது. வரிசையைத் தனி விதி எழுதிச் சீர்செய்துவிடலாம். பெயரைத் திருத்த வழியில்லை. 1996இல் வந்த இரண்டாம் பதிப்பு முதல், ஒருமுறை இட்ட பெயரை ஒருங்குறி மாற்றுவதில்லை. அட்டவணையில் அப்பெயரின் கீழ், 'ஆய்தம்' என்னும் சிறு குறிப்பு மட்டும் இடம்பெறுகிறது.