திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் இல்லங்களில் இசைச் சேகரிப்பு

திருச்சிராப்பள்ளியிலும் திருவரங்கத்திலும் வீடுகளில் இசையைச் சேர்த்து வைக்கும் வழக்கம் கிராமபோன் காலத்தில் தொடங்கியது. அரக்குத் தட்டு, ஒலிநாடா, குறுந்தகடு, கணினிக் கோப்பு என அதன் வடிவம் மாறிவந்துள்ளது. ஒவ்வொரு மாற்றத்திலும் இடம் மிச்சமாயிற்று. பாட்டைப் பற்றிய குறிப்புகள் சில தொலைந்தன.

இந்தியாவில் கிராமபோன் நிறுவனத்தின் ஒலிப்பதிவு 1902இல் கல்கத்தாவில் தொடங்கியது. நிமிடத்திற்கு 78 முறை சுழலும் பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடப் பாடலே அடங்கும். ஆகவே வித்வான்கள் ஆலாபனையைச் சுருக்கிப் பாட வேண்டியிருந்தது. திரைப்பாடலுக்கு இந்த அளவு பொருந்தியது. திருச்சியில் எஃப். ஜி. நடேச ஐயரின் ரசிக ரஞ்சன சபா நாடகத்தில் சிறுவனாக மேடையேறிய எம். கே. தியாகராஜ பாகவதரின் பாடல்கள் தட்டுகளாக வீடுகளுக்கு வந்தன. கீழே விழுந்தால் உடைந்துவிடும் தட்டுதான். ஆனால் பாடியவர் பெயரும் பாட்டின் பெயரும் அதன் நடுவிலேயே அச்சாகியிருந்தன.

திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16 அன்று தொடங்கப்பெற்றது. பிற்காலத்தில் டேப் ரெக்கார்டர் வீட்டுக்கு வந்ததும், வானொலிக் கச்சேரிகளை ரசிகர்களே பதிவு செய்யலாயினர். கடையில் விற்காத இசை இவ்வாறுதான் வீடுகளில் சேர்ந்தது. வானொலி நிலையங்களில் பழைய நாடாவை அழித்து மீண்டும் பயன்படுத்தும் வழக்கம் இருந்ததால், சில கச்சேரிகளுக்கு வீட்டுக் கேசட்டே மிஞ்சிய சான்று. சி-90 கேசட்டில் பக்கத்திற்கு 45 நிமிடம். அதைத் திருப்பிப் போடும் நேரத்தில் நிரவலின் நடுப்பகுதி போய்விடும். பொத்தானை அழுத்தத் தாமதமானால் அறிவிப்பாளர் சொன்ன பக்கவாத்தியக்காரர் பெயர்களும் போயின. காவிரிக்கரை ஈரத்தில் நாடாவில் பூஞ்சை பிடிப்பதும் உண்டு.

கேசட்டைக் கணினிக்கு மாற்றுவதில் இடம் ஒரு சிக்கலே இல்லை. ஒரு மணி நேர இசை குறுந்தகட்டுத் தரத்தில் சுமார் 635 மெகாபைட். 128 கிலோபிட் எம்பி3 கோப்பில் 58 மெகாபைட் அளவே. உண்மையான சிக்கல் சுருதியில் இருக்கிறது. நாடா ஓடும் வேகம் 6 விழுக்காடு கூடினால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். ஒரு கட்டையில் பாடியவர் ஒன்றரைக் கட்டையில் பாடியதாகக் கோப்பில் பதிவாகும், காலப்பிரமாணமும் விரைந்துவிடும். இணையத்தில் உலவும் பழைய கச்சேரிகள் பலவற்றில் இக்குறை உண்டு. அவற்றைக் கேட்டு ஒரு வித்வானின் குரலை எடைபோடுவது அவருக்குச் செய்யும் அநீதி. 78 தட்டுகள்கூட எல்லாம் சரியாக 78 வேகத்தில் பதிவானவை அல்ல.

கோப்பில் வேறொரு குறையும் காணப்படுகிறது. ‘டிராக் 01’ என்ற பெயரோடு நிற்கும் கோப்பில் ராகம் இல்லை, நாள் இல்லை, வயலின் வாசித்தவர் யார் என்பதும் இல்லை. கீறல் விழுந்த தட்டு அந்த இடத்தில் மட்டும் தடுமாறும். வன்தட்டு பழுதானாலோ ஆயிரம் மணி நேர இசை ஒரே நாளில் போய்விடும். எனினும் நாடாவைப் பிரதி எடுக்கும்தோறும் இரைச்சல் கூடும். கோப்பின் நூறாவது பிரதியும் முதற்பிரதியைப் போன்றதே. இந்த ஒன்றுக்காகவே கணினிக்கு மாற்றுவது தகும்.

கவனமுள்ள சேகரிப்பாளர்கள் மூலக் கேசட்டை எறிவதில்லை. சுருக்காத கோப்பு ஒன்றை எடுத்து, இரண்டு வன்தட்டுகளில் வைத்து, அவற்றுள் ஒன்றை வேறு வீட்டில் வைக்கின்றனர். கேசட் உறையின் உட்புறம் பென்சிலால் எழுதிய தேதியையும் நிலையத்தின் பெயரையும் படம்பிடித்து அதே கோப்புறையில் சேர்த்துவிடுகின்றனர்.