நெகட்டிவ் உள்ள படமும் இல்லாத படமும்

கோடையில் அமெரிக்க அருங்காட்சியகங்கள் பல முற்றத்தில் திரைகட்டிப் படம் காட்டுகின்றன. அத்தகைய ஓர் இரவில் அடுத்தடுத்துக் காட்டத்தக்கவை கேத்லீன் காலின்ஸின் ‘லூசிங் கிரவுண்ட்’ (1982), காலீன் ஸ்மித்தின் ‘ட்ரைலாங்ஸோ’ (1998). இரண்டும் கறுப்பினப் பெண்கள் பெருநிறுவனத் துணையின்றி எடுத்தவை. இரண்டும் திரையரங்குகளைப் பரவலாக எட்டாமல் நின்று, பல்லாண்டு கழித்துப் புதுப்பிக்கப்பட்டவை. இந்த ஒற்றுமை எவர் கண்ணிலும் படும். அதைவிட வியப்பான உறவு கதைகளுக்குள் இருக்கிறது.

முன்னதன் நாயகி சாரா, தத்துவப் பேராசிரியை. ஓவியரான கணவர் விக்டருக்குத் தூரிகையில் எளிதாகக் கைவரும் பரவசத்தை அவர் நூலகத்தில் தேடுகிறார். பின்னதன் நாயகி பைக்கா, ஓக்லாண்டின் நுண்கலை மாணவி. கறுப்பின இளைஞர்கள் அற்றுப்போய்விடுவார்களோ என்ற அச்சத்தில் அவர்களைப் போலராய்டில் படமெடுத்து வைக்கிறாள்.

சாராவுக்கு விடுதலை கேமராவின் முன்னால் கிடைக்கிறது; பைக்காவின் போராட்டமோ கேமராவின் பின்னால் நடக்கிறது. எதிரெதிர்த் திசைகள்தாம். ஆனால் இருவரும் வந்து சேர்வது வெட்டவெளிக்கு. மாணவர் ஒருவர் எடுக்கும் படத்தில், துரோகம் செய்த காதலனைச் சுடும் பெண்ணாகச் சாரா நடிக்கிறார். விக்டர் பார்த்துக்கொண்டிருக்க அவர் துப்பாக்கியைத் தூக்கும் அந்தக் கணத்தில் நடிப்பையும் வாழ்வையும் பிரித்தறிய முடியவில்லை. பைக்காவோ, கிடைத்த பொருள்களைக்கொண்டு நினைவுச் சின்னங்கள் செய்து, காலிமனை ஒன்றையே கண்காட்சிக்கூடமாக்கி அக்கம்பக்கத்தாரை அழைக்கிறாள்.

இனி, நெகட்டிவ். காலின்ஸ் 1988இல் 46 வயதில் புற்றுநோயால் இறந்தார். ஆய்வகத்தில் கிடந்த நெகட்டிவை மகள் நீனா மீட்டதால்தான் மைல்ஸ்டோன் என்ற பட விநியோக நிறுவனத்தின் வழியே படம் 2015இல் நியூயார்க் திரையை எட்டியது. 2020இல் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் ஏறியது. பைக்கா நம்பியிருக்கும் போலராய்டுக்கு நெகட்டிவே கிடையாது. ஒரே பிரதி, அது தொலைந்தால் முகமும் தொலைந்தது. பெட்டிக்குள் பத்திரப்படுத்தாமல் அவள் அவற்றைத் தெருவுக்குக் கொண்டுவருவதன் நியாயம், காலின்ஸ் படத்தின் வரலாற்றை அருகில் வைக்கும்போதுதான் முழுதாக விளங்குகிறது. ஊரார் கண்ட முகத்துக்கு ஊராரின் நினைவே நெகட்டிவ்.

காலின்ஸுக்குக் கிட்டாதது ஸ்மித்துக்குக் கிட்டியது: தம் படம் புத்துயிர் பெற்றதை அவர் கண்ணாரக் கண்டார். அதற்குள் அருங்காட்சியகங்கள் அவரைக் காட்சிக்கலைஞராக அறிந்திருந்தன. விட்னி அருங்காட்சியகத்தின் ஈராண்டுக் கண்காட்சியான 2017 பைனியலில் அவருடைய பதாகைகள் தொங்கின. கலைஞர் முன்னே போக, படம் பின்னே வந்தது.

முற்றத்தில் எதை முதலில் காட்டுவது? ‘ட்ரைலாங்ஸோ’வையே சொல்வேன். அதன் தெருக்காட்சிகளோடு நகரத்து இரைச்சல் இசைந்துபோகும். ‘லூசிங் கிரவுண்ட்’ பேச்சால் நகரும் படம். சாராவும் விக்டரும் வாதிடும் ஒவ்வொரு சொல்லும் காதில் விழ வேண்டும். போக்குவரத்து ஓய்ந்த பிந்திய பொழுதே அதற்கு ஏற்றது.