மூளைத் தண்டுவடத் திரவம்: முதுகில் நீர் எடுக்கும் பரிசோதனை குறித்த விளக்கம்

முதுகில் நீர் எடுத்தால் கால்கள் செயலிழந்துவிடும் என்ற அச்சத்தால் இப்பரிசோதனைக்கு ஒப்புதல் தரத் தயங்கும் குடும்பத்தினர் பலர் உள்ளனர். மூளைக்காய்ச்சலில் சில மணி நேரத் தாமதமும் உயிருக்கு ஆபத்தாகலாம் என்பதால், நோயாளியும் உடனிருப்போரும் இதனை முன்னரே அறிந்திருத்தல் நலம்.

மூளைத் தண்டுவடத் திரவம் என்பது யாது?

மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்துள்ள, நிறமற்ற, தெளிந்த நீர்மம் இது. ஆய்வக அறிக்கைகளில் சி.எஸ்.எஃப். எனக் குறிக்கப்படும். மூளையின் உள்ளறைகளில் பெரும்பாலும் சுரக்கிறது. பெரியவர்களின் உடலில் எந்நேரமும் சுமார் 150 மி.லி. திரவம் இருக்கும். நாளொன்றுக்குச் சுமார் 500 மி.லி. புதிதாகச் சுரந்து, ஏறக்குறைய அதே அளவு இரத்தத்தில் கலந்துவிடுகிறது.

சுமார் 1,400 கிராம் எடையுள்ள மூளை இத்திரவத்தில் மிதப்பதால் அதன் எடை 50 கிராம் அளவே உணரப்படுகிறது. அதிர்ச்சியைத் தாங்குவதும் கழிவுகளை அகற்றுவதும் இதன் பிற பணிகள்.

பரிசோதனை ஏன் தேவை?

காய்ச்சல், கடும் தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு, குழப்பம், வலிப்பு ஆகியவை மூளைக்காய்ச்சலின் அறிகுறிகள். அது பாக்டீரியாவாலா, வைரஸாலா, காசநோய்க் கிருமியாலா என்பதைப் பொறுத்து மருந்து மாறும். திரவத்தின் தெளிவு, உயிரணுக்களின் வகை, புரதம், சர்க்கரை அளவு ஆகியவை அதனைப் பிரித்தறிய உதவுகின்றன. பாக்டீரியா, காசநோய் ஆகிய இரண்டிலும் சர்க்கரை பெரும்பாலும் குறையும். வைரஸ் தொற்றில் பொதுவாக இயல்பாக இருக்கும்.

காசநோய் மூளைக்காய்ச்சல் மெதுவாகத் தொடங்கும். வாரக்கணக்கில் நீடிக்கும் இலேசான காய்ச்சல், தலைவலி, எடைக்குறைவு, நடத்தை மாற்றம் ஆகியவற்றைப் புறக்கணிக்கலாகாது.

எவ்வாறு செய்யப்படுகிறது?

நோயாளி பக்கவாட்டில், முழங்கால்களை வயிற்றோடு மடக்கிப் படுப்பார். தோலை மரத்துப்போகச் செய்தபின் மெல்லிய ஊசி செலுத்தப்படும். பெரியவர்களில் தண்டுவடம் இடுப்பின் முதல் அல்லது இரண்டாம் முள்ளெலும்பருகே முடிந்துவிடுகிறது. ஊசியோ 3-ஆம், 4-ஆம் முள்ளெலும்புகளுக்கு இடையிலோ அதற்குக் கீழோ செலுத்தப்படுகிறது. எனவே தண்டுவடம் ஊசியின் பாதையில் இராது. சிசேரியன் அறுவைக்கு முதுகில் மயக்க ஊசி இடுவதும் இப்பகுதியிலேயே.

பொதுவாக 5 முதல் 10 மி.லி. மட்டுமே எடுக்கப்படுகிறது. உடல் இதனைச் சுமார் அரை மணி நேரத்தில் ஈடுசெய்துவிடும்.

முன்னரே தெரிவிக்க வேண்டியவை

இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோர், இரத்தக்கசிவு நோய் உள்ளோர் அதனை மருத்துவரிடம் கட்டாயம் கூற வேண்டும். மூளையில் அழுத்தம் மிகுந்திருக்கலாம் எனில் முதலில் சி.டி. ஸ்கேன் எடுக்கப்படும். பாக்டீரியா தொற்று என்ற வலுவான ஐயம் இருப்பின், பரிசோதனைக்காகக் காத்திராமல் மருந்து தொடங்கப்படும்.

பரிசோதனைக்குப் பின்

சிலருக்கு எழுந்து உட்காரும்போது தலைவலி வரும், படுத்தால் குறையும். பெரும்பாலும் சில நாள்களில் நீங்கிவிடும். கடும் தலைவலி நீடித்தாலோ, காய்ச்சல், கால் பலவீனம், சிறுநீர் கழிப்பதில் சிரமம், ஊசியிட்ட இடத்தில் நீர்க்கசிவு ஆகியவை தோன்றினாலோ உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

கவனிக்க வேண்டிய பிற நிலைகள்

• குழந்தையின் தலைச்சுற்றளவு வேகமாகப் பெருகுதல்: திரவம் தேங்கியதன் அறிகுறியாகலாம்.
• முதியவருக்கு நடைத் தடுமாற்றம், மறதி, சிறுநீர் அடக்க இயலாமை ஆகிய மூன்றும் சேர்ந்து தோன்றுதல்: முதுமையின் இயல்பு என விட்டுவிடாதீர்கள்.
• தலையில் அடிபட்டபின் மூக்கு அல்லது காதிலிருந்து தெளிந்த நீர் வடிதல்: சளி எனக் கருதி மூக்கைச் சிந்தக் கூடாது.

எங்கு அணுகலாம்?

அசோக் நகர், கே.கே. நகர், மேற்கு மாம்பலம் பகுதி மக்களுக்குக் கிண்டியில் 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனை அண்மையில் உள்ளது. சென்ட்ரல் ரயில் நிலையம் எதிரேயுள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறை 1950-இல் மருத்துவர் பி. இராமமூர்த்தியால் தொடங்கப்பட்டது. காசநோய்க்கான மருந்துகள் அரசால் இலவசமாக வழங்கப்படுகின்றன. அவசர நிலையில் 108 எண்ணை அழைக்கவும், ஆலோசனைக்கு 104.

ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடுமுன், ஐயங்கள் அனைத்தையும் மருத்துவரிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். அது உங்கள் உரிமை.